ஷாங்காய் நூன் (2000): வெட்டப்பட்ட சடையைப் பற்றிச் சில கேள்விகள்

புழுதிப்பாதை (இழையைத் தொடங்கியவர்):

நண்பர்களுக்கு வணக்கம். ஜாக்கி சானும் ஓவன் வில்சனும் நடித்து 2000ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த 'ஷாங்காய் நூன்' படத்தைச் சென்ற வாரம் மீண்டும் பார்த்தேன். முதன்முறை பார்த்தபோது சிரித்துக்கொண்டே இருந்தது மட்டுமே நினைவில் தங்கியிருந்தது. இம்முறை, அத்தனை சிரிப்புக்கும் நடுவில் வருகிற ஒரு காட்சி என்னை உலுக்கிவிட்டது. அதைப் பற்றிப் பேசவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

படத்தை மறந்தவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலம் 1881. தனக்கு நிச்சயிக்கப்பட்ட திருமணத்தை விரும்பாத சீன இளவரசி பெய் பெய் அரண்மனையை விட்டு வெளியேறுகிறாள்; ஆனால் அது கடத்தலாக முடிந்து, அமெரிக்காவின் நெவாடாவில் உள்ள கார்சன் நகரத்தில் லோ ஃபாங் என்பவனிடம் சிக்கிக்கொள்கிறாள். மீட்புத் தொகையான தங்கத்தோடு மூன்று அரண்மனைக் காவலர்கள் அனுப்பப்படுகிறார்கள். அவர்களில் ஒருவனாகத் தேர்ந்தெடுக்கப்படாத சோன் வாங் (ஜாக்கி சான்), மொழிபெயர்ப்பாளராகச் செல்லும் தன் மாமாவுக்கு மூட்டை தூக்குபவனாகத் தொற்றிக்கொள்கிறான். ராய் ஓபானன் (ஓவன் வில்சன்) என்ற கொள்ளையனின் கூட்டம் ரயிலை மறிக்கிறது, மாமா கொல்லப்படுகிறார், சோன் வாங் வழி தெரியாத நாட்டில் தனியனாகிறான். பிறகு அந்தக் கொள்ளையனே அவனுக்கு வழித்துணை ஆகிறான்.

நான் சொல்ல வந்த காட்சி இதுதான். அரண்மனையிலிருந்து முன்பே ஓடிவந்து அமெரிக்காவில் ரயில்பாதை வேலையில் சீனத் தொழிலாளர்களைக் கசக்கிப் பிழியும் அந்த லோ ஃபாங், சோன் வாங்கின் பின்னல் சடையை வெட்டிவிடுகிறான். அடி, உதை, குத்து எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு எழுந்து நின்ற மனிதன் அந்த ஒரு கணத்தில் உடைந்துபோகிறான். அதன் பொருள் புரியாதவருக்கு அது வெறும் முடி. மஞ்சு இனத்தவர் சீனாவைக் கைப்பற்றிய பின், 1645இல், ஆண்கள் அனைவரும் முன்தலையை மழித்துப் பின்னால் சடை வளர்க்க வேண்டும் என்று ஆணையிட்டார்கள். 'தலை வேண்டுமானால் முடியை விடு, முடி வேண்டுமானால் தலையை விடு' என்பதே அன்று ஊரெங்கும் முழங்கிய எச்சரிக்கை. சடை இல்லாதவன் அரசனுக்கு எதிரானவன். ஆகவே லோ ஃபாங் வெட்டியது சோன் வாங் ஊர் திரும்பும் பாதையை.

என் கருத்து இதுதான்: இந்தப் படம் நாயகனைக் குளியல் தொட்டியில் குடித்து உளற விடுகிறது, பேச்சுப் புரியாமல் தடுமாற விடுகிறது, சிறைக்கம்பியை வளைக்க அவன் செய்யும் கூச்சமான தந்திரத்தையும் காட்டுகிறது. சடையை மட்டும் நகைச்சுவையின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்கிறது. எதைச் சிரிக்கக் கொடுப்பது, எதைக் கொடுக்கக் கூடாது என்பதில் இயக்குநர் டாம் டே தன் முதல் படத்திலேயே தெளிவாக இருந்திருக்கிறார் என்று நான் நம்புகிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

தண்டவாளம்:

வணக்கம் ஐயா. நீங்கள் தொட்ட இடம் சீன வரலாற்றோடு நின்றுவிடவில்லை; அமெரிக்க வரலாற்றுக்குள்ளும் போகிறது. சடையை வெட்டுவதை ஒரு தண்டனையாகவே சட்டமாக்கிய ஊர் அந்த நாட்டில் இருந்தது. சான்பிரான்சிஸ்கோ நகரம் 1876இல் ஒரு விதியை இயற்றியது: சிறைக்கு வரும் ஆண் கைதிகளின் முடியைத் தலையிலிருந்து ஓர் அங்குலத்துக்குள் கத்தரிக்க வேண்டும். எழுத்தில் அது எல்லாக் கைதிகளுக்கும் பொதுவானது. உண்மையில் யாரைக் குறிவைத்தது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஓர் அறையில் ஆளுக்கு 500 கன அடி காற்று இருக்க வேண்டும் என்று இன்னொரு சட்டம் இருந்தது. நெருக்கியடித்து வாழ்ந்த சீனத் தொழிலாளர்கள் அதன்படி கைதாகி, அபராதம் கட்ட மறுத்துச் சிறையை நிரப்பினார்கள். அவர்களை அச்சுறுத்தி அபராதம் கட்ட வைப்பதற்கான கருவியே இந்தக் கத்தரிக்கோல்.

அப்படிச் சடை இழந்த ஹோ ஆ கௌ என்பவர் ஷெரீஃப் மீது வழக்குத் தொடுத்தார். 1879இல் நீதிபதி ஸ்டீபன் ஃபீல்ட் அவர் பக்கம் தீர்ப்பளித்து, அந்த விதி சீனர்களைக் குறிவைத்தது என்றும் அரசமைப்புக்கு முரணானது என்றும் கூறினார். படத்தின் கதை நடப்பதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன்பு இது நடந்திருக்கிறது. திரையில் சடையை வெட்டுகிறவன் இன்னொரு சீனன். வரலாற்றில் வெட்டியது நகர நிர்வாகம். அந்த மாற்றம் படத்துக்கு வசதியாக இருந்திருக்கலாம், ஆனால் எனக்கு அது உறுத்துகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சீனர்கள் கட்டிய ரயில்பாதை 1869 மே 10ஆம் நாளே யூட்டாவின் ப்ராமன்ட்ரி உச்சியில் இணைந்து முடிந்துவிட்டதே, 1881இல் ஏது ரயில்பாதை வேலை என்று இந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது பலர் கேட்பார்கள். கண்டத்தைக் கடக்கும் பெரும்பாதைதான் அன்று முடிந்தது. கார்சன் நகரத்தை ஒட்டிய மவுண்ட் ஹவுஸிலிருந்து தெற்கே செல்லும் 'கார்சன் அண்ட் கொலராடோ' குறுகிய பாதையின் வேலை 1880இல்தான் தொடங்கியது, அதிலும் சீனத் தொழிலாளர்கள் உழைத்தார்கள். ஆகவே படத்தின் ஆண்டும் ஊரும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன.

அடிமுறை மாணவன்:

நான் வரலாறு படித்தவன் அல்லன். உடற்பயிற்சிக் களத்தில் வளர்ந்தவன். சண்டைக்காட்சிகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஜாக்கி சான் ஏழு வயது வாக்கில் ஹாங்காங்கில் யூ ஜிம் யுவென் நடத்திய பீக்கிங் இசைநாடகப் பள்ளியில் சேர்க்கப்பட்டு, அங்கேயே பத்தாண்டுகள் வளர்ந்தவர். அங்கே பாட்டு, முகபாவம், கரணம், ஆயுதம் எல்லாமே ஒரே பாடம். அதனால்தான் அவருடைய சண்டையில் அடிக்கும் கணத்துக்கும் நடிக்கும் கணத்துக்கும் இடையில் இடைவெளியே இருப்பதில்லை. கை எதிரியின் தாடையில் படும்போதே கண் 'ஐயோ, என் கை' என்று சொல்லிவிடுகிறது.

இந்தப் படத்தில் கௌபாய் உலகத்தின் பொருள்களை அவர் எப்படிச் சீன ஆயுதங்களாக மாற்றுகிறார் என்பதைக் கவனித்துப் பாருங்கள். ஒரு கயிற்றின் முனையில் குதிரை லாடத்தைக் கட்டிச் சுழற்றுகிறார். அது வெறும் சாமர்த்தியம் அல்ல; கயிற்று முனையில் கூர்முனையைக் கட்டி எறிந்து இழுக்கும் 'ஷெங் பியாவ்' என்ற பழைய சீன ஆயுதத்தின் அசைவுகள் அப்படியே அதில் இருக்கின்றன: கழுத்தைச் சுற்றி விடுதல், முழங்கையில் மடக்கி வேகம் கூட்டுதல், காலால் தட்டித் திசை மாற்றுதல். லாடம் கனமானது, தட்டையானது, காற்றில் தன்னைத்தானே திருப்பிக்கொள்ளும். அதை அந்த வேகத்தில் கட்டுப்படுத்துவது எளிதன்று. கயிற்றாயுதம் பழகியவர்கள் அந்தக் காட்சியைப் பார்த்தால் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

காட்டில் க்ரோ என்ற அமெரிக்கப் பழங்குடி வீரர்களிடமிருந்து ஒரு சிறுவனைக் காப்பாற்றும் காட்சியில் இளமரங்களை வளைத்து விடுகிறார். அவை திரும்பி எழும் விசையே அவருக்குப் படையாகிறது. மதுக்கடைச் சண்டையில் சுவரில் மாட்டியிருந்த மூஸ் மானின் கொம்பு கைக்கு வந்துவிடுகிறது. ஈரச்சட்டையை முறுக்கிச் சிறைக்கம்பியை வளைக்கும் தந்திரத்தைக் கேட்டு நாம் சிரிக்கிறோம். நனைந்த துணி முறுக்கைத் தாங்கும் என்ற எளிய உண்மைதான் அதன் அடிப்படை. இவை எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. தன்னிடம் ஒன்றும் இல்லாதவன், வந்த இடத்தில் கிடைப்பதைக் கொண்டு பிழைக்கிறான். புலம்பெயர்ந்தவனின் கதையை உடம்பால் சொல்வது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் எனக்கு ஒரு குறையும் உண்டு. ஹாங்காங்கில் அவர் சொந்தமாக இயக்கிய படங்களில் காமெரா தள்ளி நின்று முழு உடலையும் காட்டும். அடி கிளம்புவதும் விழுவதும் ஒரே ஷாட்டில் நடக்கும். இங்கே பல இடங்களில் அடி ஒரு ஷாட்டிலும் விளைவு மற்றொரு ஷாட்டிலும் வருகின்றன. நகைச்சுவைக்கும் இதனால் இழப்பு நேர்கிறது. ஏனென்றால் அவருடைய நகைச்சுவை, மௌனப்படக் கால நடிகர் பஸ்டர் கீட்டனின் நகைச்சுவையைப் போல, 'இது உண்மையிலேயே நடந்தது' என்று நம் கண் ஒப்புக்கொள்வதில்தான் பிறக்கிறது.

செம்பருத்தி:

புழுதிப்பாதை அண்ணா, நீங்கள் எழுதியதை மதிக்கிறேன். ஆனால் அந்த மரியாதையை இந்தப் படம் எல்லோருக்கும் கொடுக்கவில்லை என்பதை யாராவது சொல்ல வேண்டும்.

சோன் வாங் ஓர் இரவு அமெரிக்கப் பழங்குடியினரான சியூ மக்களின் குடியிருப்பில் விருந்துண்டு, புகைத்து, மறுநாள் விழிக்கும்போது தனக்குத் திருமணம் ஆகிவிட்டது என்று அறிகிறான். அந்தப் பெண்ணின் பெயர் உதிரும் இலைகள். அவள் படம் முழுவதும் அவர்கள் பின்னாலேயே வருகிறாள், குறிபார்த்துச் சுடுகிறாள், இருவரையும் ஆபத்திலிருந்து மீட்கிறாள். ஆனால் அவள் என்ன விரும்புகிறாள் என்று யாரும் அவளிடம் கேட்பதில்லை. முடிவில் சோன் வாங் இளவரசியின் பக்கம் சாய, அவள் ராயின் துணையாகிறாள், ஒரு பரிசுப்பொருள் கை மாறியதைப் போல. அவளுடைய வாழ்க்கையில் என்ன நடந்தது என்று அவள் வாயால் ஒரு வரிகூட நமக்குக் கிடைப்பதில்லை.

1881 என்கிறீர்கள். சியூ மக்களும் அவர்களின் கூட்டாளிகளும் அமெரிக்கப் படையைத் தோற்கடித்த லிட்டில் பிக்ஹார்ன் போர் நடந்தது 1876இல். சியூ மக்களின் தலைவர் சிட்டிங் புல் கனடாவிலிருந்து திரும்பி வந்து அமெரிக்கப் படையிடம் சரணடைந்தது இதே 1881ஆம் ஆண்டு ஜூலையில். தம் நிலத்தின் கடைசித் துண்டையும் இழந்துகொண்டிருந்த மக்களை இந்தப் படம் விருந்து வைக்கவும் பெண் கொடுக்கவும் மட்டுமே பயன்படுத்துகிறது. சடை ஒன்று வெட்டப்பட்டதற்கு நம் நெஞ்சு பதறுகிறதென்றால், அந்தக் குடியிருப்பைக் கடந்து போகும்போதும் அது பதறியிருக்க வேண்டும். படம் அதற்கு இடமே கொடுக்கவில்லை.

புழுதிப்பாதை:

தங்கையே, நீங்கள் சொன்னது என் கருத்தின் வலுவற்ற இடத்தில் சரியாகப் பட்டிருக்கிறது. மறுக்க முடியவில்லை. நேற்றிரவு அந்தக் காட்சிகளை மட்டும் மறுபடியும் போட்டுப் பார்த்தேன். சியூ மக்கள் தங்கள் மொழியில் பேசுவதும், அந்த விருந்தினனைப் பற்றித் தங்களுக்குள் கேலி செய்துகொள்வதும் படத்தில் இருக்கின்றன. சிரிக்கப்படுகிறவன் அங்கே சோன் வாங்தான், அவர்கள் அல்லர். அந்த அளவுக்குப் படம் விழிப்பாக இருக்கிறது. ஆனால் உதிரும் இலைகள் விஷயத்தில் நீங்கள் சொன்னதே சரி. அவளைத் திறமைசாலியாகக் காட்டினால் போதும் என்று எழுதியவர்கள் நினைத்திருக்கிறார்கள். திறமை வேறு, விருப்பம் வேறு. இளவரசிக்கு ஒரு விருப்பம் இருக்கிறது, அது கதையின் முடிவையே மாற்றுகிறது. இவளுக்கு அது கொடுக்கப்படவில்லை.

ஆகவே என் கூற்றைச் சுருக்கிக்கொள்கிறேன்: சீன நாயகனின் மானத்தைக் காப்பதில் படம் கவனமாக இருந்தது, அந்தக் கவனம் மற்றவர்கள் வரை நீளவில்லை.

கறுப்புவெள்ளை:

இந்த இழையில் வயதில் மூத்தவன் நானாக இருக்கலாம். கொஞ்சம் பின்னோக்கிச் சென்று இந்தப் படத்தின் குடும்ப மரத்தைச் சொல்கிறேன்.

கிழக்கும் மேற்கும் திரையில் கைகோத்தது 2000இல் அல்ல. அகிரா குரோசாவாவின் 'யோஜிம்போ' 1961இல் வந்தது. மூன்றே ஆண்டுகளில் செர்ஜியோ லியோனே அதே கதையைத் துப்பாக்கிக்காரனுக்கு மாற்றி இத்தாலியக் கௌபாய் படங்களுக்குப் புதுப் பாதை போட்டார். 1971இல் 'ரெட் சன்' படத்தில் தோஷிரோ மிஃபூனே சாமுராயாகவும் சார்லஸ் பிரான்சன் கொள்ளையனாகவும் பாலைவனத்தில் சேர்ந்து நடந்தார்கள். ஜப்பானியத் தூதுவரின் ரயில் கொள்ளையடிக்கப்படுகிறது, மெய்க்காவலன் ஒரு கொள்ளையனைத் துணைக்குப் பிடித்துக்கொண்டு தேடிப் போகிறான். கதையின் எலும்புக்கூடு உங்களுக்குப் பழக்கமானதாகத் தெரியவில்லையா? 1970களின் நடுவில் ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் நிறுவனமே இத்தாலியர்களோடு கூட்டுச் சேர்ந்து தன் குங்ஃபூ நடிகர் லோ லியேவையும் கௌபாய் படங்களில் புகழ்பெற்ற லீ வான் கிளீஃபையும் ஒரே படத்தில் நடிக்க வைத்தது. 'ஷாங்காய் நூன்' படத்தின் கெட்ட மார்ஷலுக்கு (சட்ட அதிகாரிக்கு) வான் கிளீஃப் என்று பெயர் சூட்டியிருப்பது அந்த நடிகருக்குச் செய்த வணக்கம். படத்தின் பெயரே 1952இல் வந்த 'ஹை நூன்' என்ற கௌபாய் படத்தின் எதிரொலிதான். ஷாங்காய் நகரத்துக்கும் கதைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. 1997இல் சம்மோ ஹுங் தன் படம் ஒன்றில் ஜெட் லீயை அமெரிக்க மேற்குக்கு அழைத்துச் சென்றார். சம்மோ ஹுங் ஜாக்கி சானோடு அதே பள்ளியில் பயின்ற மூத்த மாணவர் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பரம்பரையில் 'ஷாங்காய் நூன்' புதிதாகச் செய்தது என்ன என்று கேட்டால், நான் ராயைத்தான் காட்டுவேன். முந்தைய படங்களில் வெள்ளைக்காரத் துப்பாக்கிக்காரன் குறி தவறாதவன், அலட்சியமானவன். கிழக்கிலிருந்து வந்தவன் அவனிடம் மேற்கைக் கற்றுக்கொள்வான். இங்கே ராய்க்குச் சுடவே சரியாக வராது. கௌபாய் என்றால் எப்படி நிற்க வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று அவனே கதைகளிலிருந்து கற்று நடித்துக்கொண்டிருக்கிறான். சோன் வாங் என்ற பெயர் கௌபாய் பட நாயகன் ஜான் வெயினின் பெயரைப் போல ஒலிக்க, 'ஜான் வெயினா? கௌபாய்க்கு ஆகாத பெயர்' என்பான். பின்னால் ராய் தன் உண்மைப் பெயர் வயட் அர்ப் (மேற்கின் புகழ்பெற்ற சட்டக் காவலரின் பெயர்) என்று சொல்லும்போது அதே தீர்ப்பு அவனுக்கும் கிடைக்கும். மேற்கின் மாபெரும் இரு பெயர்களும் இந்த இருவரிடமும் வீணாகக் கிடக்கின்றன. அசல் கௌபாய் என்று ஒருவன் இருந்ததே இல்லை, எல்லோரும் உடை மாற்றிக்கொண்டவர்கள்தான் என்று படம் நமக்குக் காட்டுகிறது. அந்த நிலையில் சீனன் ஒருவன் தொப்பி அணிந்தால் அதில் என்ன பொருத்தமின்மை இருக்க முடியும்?

கடைசித் துப்பாக்கிச் சண்டையில் மார்ஷல் சுட்ட குண்டுகள் எல்லாம் ராயைச் சுற்றியே துளையிட்டிருக்கும், அவன் உடலில் ஒரு கீறலும் இருக்காது. நான் அதைப் பார்க்கும்போதெல்லாம் மகிழ்கிறேன். வீரம் அவனுக்குக் கடைசி வரை வரவில்லை. அன்று அருள் மட்டும் வந்தது.

அடிமுறை மாணவன்:

ஐயா, மிக நன்று. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 2003இல் வந்த இரண்டாம் பாகத்தில், லண்டன் சந்தையில் குடைகளோடு நடக்கும் சண்டைக்கு, 'சிங்கின் இன் த ரெயின்' பாட்டின் இசை பின்னணியாக வரும். சண்டைகளை மட்டும் எடைபோட்டால் அந்தப் பாகமே மேல். அங்கே ஷாட்டுகள் நீளமானவை, ஜாக்கி சானுக்கு மூச்சுவிட இடம் இருக்கிறது. டானி யென் எதிரியாக வருகிறார். ஆனால் சடை வெட்டப்பட்டதைப் போல மனத்தில் நிற்கும் ஒரு கணம் அதில் இல்லை.

செம்பருத்தி:

எனக்குப் பிடித்த கணம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் படத்தை வெறுக்கிறேன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். தன் கூட்டத்தாராலேயே கழுத்து வரை மணலில் புதைக்கப்பட்டுக் கிடக்கும் ராயைச் சோன் வாங் பார்க்கிறான். மாமாவின் சாவுக்குக் காரணமானவன் அவன். கொல்லவும் மனமில்லை, காப்பாற்றவும் மனமில்லை. இரண்டு உணவுக் குச்சிகளை அவன் வாயில் வைத்துவிட்டு, தோண்டிக்கொள் என்று விட்டுப் போகிறான். கோபத்தையும் கருணையையும் இவ்வளவு சிறிய பொருளில் வைத்துக் காட்டிய நகைச்சுவைக் காட்சிகள் குறைவு.

அதற்கு இணையாக, விலைமகளிர் விடுதியில் ராய் 'அவன் என் நண்பன் அல்ல' என்று வேறொருவரிடம் சொல்வதைச் சோன் வாங் கேட்டுவிடும் இடம். சற்றுமுன் இருவரும் குளியல் தொட்டிகளில் குடித்துப் பாடி விளையாடியிருக்கிறார்கள். வேற்று நாட்டில் கிடைத்த ஒரே மனிதன் தன்னை அப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? ஜாக்கி சான் அங்கே எதுவும் செய்வதில்லை. முகம் மட்டும் மெல்ல அணைகிறது.

தண்டவாளம்:

அக்கா சொன்ன அந்த இரண்டு காட்சிகளும் எனக்கும் பிடித்தவை. அவற்றுக்குப் பிறகு முடிவைப் பற்றி எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

இளவரசி தன் மக்களோடு அமெரிக்காவிலேயே தங்க முடிவெடுக்கிறாள். சோன் வாங் அரச ஆணையைவிட அவளுடைய முடிவைப் பெரிதாக மதித்து, தன்னோடு வந்த காவலர்களையே எதிர்த்து நிற்கிறான். பிறகு ராயும் அவனும் நட்சத்திரச் சின்னம் அணிந்த சட்டக் காவலர்களாகக் குதிரையில் போகிறார்கள். பார்க்க நிறைவாக இருக்கிறது. ஆனால் கதை முடிந்த அடுத்த ஆண்டு, 1882 மே 6ஆம் நாள், சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வருவதைத் தடைசெய்யும் சட்டத்தில் ஜனாதிபதி செஸ்டர் ஆர்தர் கையெழுத்திட்டார். அங்கே ஏற்கெனவே இருந்த சீனர்களுக்கும் குடியுரிமை கிடையாது என்று அந்தச் சட்டம் வெளிப்படையாகச் சொன்னது. அது 1943 வரை நீங்கவில்லை. 1885 செப்டம்பர் 2ஆம் நாள் வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸ் சுரங்க ஊரில் 28 சீனர்கள் கொல்லப்பட்டார்கள். யார்மீதும் குற்றம் நிலைநாட்டப்படவில்லை. அந்த உலகத்தில் ஒரு சீனன் ஷெரீஃபாக இருப்பது பகற்கனவு.

நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. கௌபாய் படங்கள் எல்லாமே பகற்கனவுகள்தான். தனியொருவன் வந்து ஊருக்கு நீதி வழங்குவதும் கனவுதான். அந்தக் கனவில் இதுவரை இடம் கிடைக்காதவனுக்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். அந்த இடம் எவ்வளவு விலை உயர்ந்தது என்பது இந்த ஆண்டுகளைத் தெரிந்துகொண்டு பார்த்தால்தான் புரிகிறது என்பதற்காகவே எழுதினேன்.

புழுதிப்பாதை:

தண்டவாளம் தம்பி, அந்த ஆண்டுகளை வரிசையாகப் படித்தபின் படத்தின் முடிவை நான் இனி வேறு கண்ணோடுதான் பார்ப்பேன்.

சடைக்கே திரும்பி வருகிறேன். முடிவில் சோன் வாங் தொப்பியும் பூட்ஸும் அணிந்து குட்டை முடியோடு இருக்கிறான். கதை 1887இல் நடக்கும் இரண்டாம் பாகத்திலும் அவன் அதே குட்டை முடியோடுதான் இருக்கிறான். ஆறு ஆண்டுகள் என்பது ஒரு சடை மீண்டும் வளரப் போதுமான காலம். லோ ஃபாங் வெட்டியது ஒரு முறைதான். அதன்பின் ஒவ்வொரு மாதமும் முடிதிருத்துபவர் முன் உட்கார்ந்து அதை வளரவிடாமல் பார்த்துக்கொண்டவன் சோன் வாங்கே. படத்தில் அப்படி ஒரு காட்சி இல்லை. ஆனால் அவன் தலை அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

கறுப்புவெள்ளை:

அவன் உயிரோடிருந்து ஊர் திரும்ப நினைத்திருந்தாலும் வெகுகாலம் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். மஞ்சு ஆட்சி வீழ்ந்து, 1912இல் சீனக் குடியரசின் புதிய அரசு சடையை வெட்டச் சொல்லி ஆணையிட்டது. நான்ஜிங் தெருக்களில் கத்தரிக்கோலோடு ஆட்கள் நின்றார்கள். வெட்ட மாட்டேன் என்று அழுதுகொண்டே ஓடிய முதியவர்களும் இருந்தார்கள்.

செம்பருத்தி:

அந்த முதியவர்களில் ஒருவரைப் பற்றி ஒரு படம் வந்தால், அதையும் நான் முதல் நாளே போய்ப் பார்ப்பேன்.